படைத்தவன் தந்த முகத்தைத் திருத்தலாமா?

தன் சகோதரனின் முகம் பார்த்துப் புன்முறுவல் பூப்பதும் ஒரு முஸ்லிமுக்கு ஸதகாவாகும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் திர்மிதியில் இடம் பெற்றிருக்கிறது. கையில் ஒரு காசும் இல்லாத ஏழைக்கும் தர்மம் செய்ய வழி திறந்து வைத்த மார்க்கம் நம்முடையது. ஆனால் அந்தத் தர்மத்தைச் செய்யக் கூசுகிறவர்கள் சிலர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சிரிப்பு வந்தவுடன் அவர்களுடைய கை வாய்க்குப் போய்விடும். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது உதட்டை இறுக்கி மூடிக் கொள்வார்கள். காரணம் கேட்டால், சிரித்தால் ஈறு முழுக்கத் தெரிகிறது என்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணிப் போகிறது என்பார்கள்.

இப்படிப்பட்ட முகத்தைச் சீராக்க, மேல்தாடை எலும்பையே அறுத்து இடம் மாற்றிப் பொருத்தும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. முன்னாளில் மேலைநாடுகளில் மட்டும் கேள்விப்பட்ட அந்த ஆபரேஷன் இன்று நம் மாநிலத்துப் பெருநகரங்களிலும் நடக்கிறது. ஆகவே கேள்வியும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது: அல்லாஹ் தந்த முகத்தை அடியான் அறுத்துத் திருத்தலாமா?

இதற்கு இரண்டு அவசரமான பதில்கள் உண்டு. "அல்லாஹ் கொடுத்த முகம், அதில் கை வைப்பது குற்றம், சபூர் செய்" என்று ஒரு சாரார் சொல்லி விடுகிறார்கள். "பணம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, செய்து கொண்டால் யாருக்கு என்ன?" என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். முன்னவர்கள் நோயை விசாரிக்கவில்லை. பின்னவர்கள் மார்க்கத்தை விசாரிக்கவில்லை. நாம் இரண்டையும் நிதானமாக விசாரிப்போம்.

நோய் என்ன?

சிரிக்கும்போது ஓரிரு மில்லிமீட்டர் ஈறு தெரிவது இயல்பானதே. மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாகத் தெரிவது இயற்கை. வயது ஏற ஏற மேலுதடு தளர்ந்து இறங்குவதால் ஈறு தெரிவது தானாகவே குறைந்து வரும் என்பதையும் அறிந்து கொள்ள வேண்டும்.

ஈறு அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் ஒன்றல்ல. சிலருக்கு ஈறு பல்லின் மேல் இறங்கி மூடியிருக்கும்; பல் குட்டையாகத் தோன்றும். அவர்களுக்கு ஈற்றை ஒழுங்கு செய்தாலே போதும். சிலருக்கு மேலுதடு குட்டையாக இருக்கும். அல்லது உதட்டை உயர்த்தும் தசை அளவுக்கு மீறி இழுக்கும். இன்னும் சிலருக்குத்தான் மேல்தாடை எலும்பே மேலும் கீழுமாக அதிகம் வளர்ந்து நீண்டிருக்கும். எலும்பை அறுக்கும் சிகிச்சை இந்தக் கடைசி வகையினருக்கு உரியது. காரணம் எது என்று தெரியாமலேயே 'ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்' என்று புறப்படுவது, தலைவலிக்குக் காரணம் பாராமல் தலையை அறுக்கச் சொல்வது போலாகும்.

முகக் கோணலும் அப்படியே. முகத்தின் இரு பாதிகளும் இம்மி பிசகாமல் ஒத்திருக்கும் மனிதர் எவருமில்லை. ஆனால் சிலருக்குக் கீழ்த்தாடையின் ஒரு பக்கத்து மூட்டு மட்டும் மிகையாக வளர்ந்து விடுகிறது. சிலருக்குச் சிறு வயதில் விழுந்து அடிபட்டதால் ஒரு பக்கத்து வளர்ச்சி நின்று போகிறது. கீழ்த்தாடை சாய்ந்தால் மேல்தாடையும் அதைத் தொடர்ந்து சாயும். பல்வரிசை ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்கும்.

இது வெறும் தோற்றக் குறை மட்டும்தானா? பலருக்கு அப்படியே. சிலருக்கோ அதற்கு மேலும் இருக்கிறது. சும்மா இருக்கும்போதும் உதடுகள் ஒன்று சேராது. தூங்கும்போது வாய் திறந்தே கிடக்கும். ஈறு காய்ந்து வீங்கும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சந்திக்காததால் மென்று தின்பது சிரமமாகும். திருக்குர்ஆன் ஓதும்போது பா, மீம் ஆகிய எழுத்துக்களை இரு உதடுகளும் சேர்ந்தல்லவா வெளிப்படுத்த வேண்டும்? மற்றவர் நினைக்காமல் செய்யும் அந்தக் காரியத்தை இவர்கள் உதட்டை வலிந்து இழுத்து மூடிச் செய்ய வேண்டியிருக்கிறது.

சிகிச்சை என்ன?

1901-ஆம் ஆண்டில் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தவர்களின் தலைகளில் அடி விழச் செய்து, மேல்தாடை எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். அவர் கண்ட முதல் கோடு மூக்கின் அடிப்பாகத்தை ஒட்டி, பற்களின் வேர்களுக்கு மேலாகக் குறுக்கே செல்கிறது. விபத்தில் எலும்பு உடையும் அந்தக் கோட்டிலேயே மருத்துவர்கள் பிற்காலத்தில் அளந்து அறுக்கலானார்கள். ஆபரேஷனும் இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய ஹியூகோ ஓப்வெகேசர் 1969-இல் தம் முறையை வெளியிட்ட பிறகு, மேல்தாடையை முழுவதும் விடுவித்து வேண்டிய இடத்தில் வைப்பது உலகெங்கும் பரவியது.

எலும்பைத் தனியே அறுத்தெடுத்தால் அது செத்துப் போகாதா என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருந்தது. அமெரிக்காவின் வில்லியம் பெல் குரங்குகளில் சோதனை செய்து, அண்ணத்துச் சதையும் ஈற்றுச் சதையும் ஒட்டியிருக்கும் வரை அவற்றின் வழியே இரத்தம் ஓடி எலும்பு பிழைத்துக் கூடிவிடும் என்று நிறுவினார். ஒரு வழி அடைபட்டால் மறு வழியாக உணவு போய்ச் சேரும்படி இந்த உடலை அமைத்தவன் யார்? மருத்துவன் அறுக்கிறான், அறுத்ததைக் கூட்டுகிறவன் அல்லாஹ். அவன் முன்பே வைத்திருக்கும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தக் கத்திக்கும் இங்கே வேலையில்லை.

முறை இதுதான். முதலில் பல்லுக்குக் கம்பி கட்டி, பல வேளைகளில் ஓராண்டுக்கு மேலாகவும், பற்களை ஒழுங்கு செய்கிறார்கள். முகத்தின் வளர்ச்சி முடிந்த பிறகே, அதாவது பதின்பருவத்தின் கடைசியிலோ அதற்குப் பிறகோதான், ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, மேலுதட்டின் உள்ளே கீறுகிறார்கள்; ஆகவே முகத்தில் வெளித் தழும்பு இராது. எலும்பை அறுத்து, நீண்டிருக்கும் அளவுக்கு ஒரு பட்டை எலும்பை எடுத்துவிட்டு, தாடையை மேலே தூக்குகிறார்கள். கோணல் இருந்தால் இரு பக்கமும் ஒரே அளவு எடுக்காமல் ஏற்றத்தாழ்வாக எடுத்துச் சமன் செய்கிறார்கள். பிறகு டைட்டானியம் தகடுகளையும் திருகுகளையும் வைத்து இறுக்குகிறார்கள். முற்காலத்தில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் கட்டி ஆறு வாரம் போல் வாய் திறக்காமல் வைத்திருப்பார்கள். தகடுகள் வந்த பின் அந்தத் துன்பம் பெரிதும் குறைந்தது. பலருக்குக் கீழ்த்தாடையையும் சேர்த்தே அறுக்க வேண்டி வருகிறது.

இது விளையாட்டல்ல. முகம் வாரக் கணக்கில் வீங்கியிருக்கும். நீராகாரமும் கூழுமே உணவு. மேலுதட்டிலும் கன்னத்திலும் மரத்துப் போன உணர்வு இருக்கும். பெரும்பாலோருக்குப் போய்விடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். இரத்தப் பெருக்கு, சீழ், எலும்பு மறுபடியும் பழைய இடத்தை நோக்கி நகர்வது ஆகிய ஆபத்துக்களும் உண்டு. மூக்கின் அடிப்பாகம் அகன்று போகலாம். அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால், பல்லே தெரியாமல் இளம் வயதிலேயே கிழத்தோற்றம் வந்துவிடும். எலும்பின் ஒரு பகுதி இரத்தம் இன்றிக் கெட்டுப் போவது போன்ற பெருந்தீங்குகள் அரிது. ஆயினும் இல்லாதவை அல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தடை சொல்கிறவர்கள் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. அதை முதலில் ஒப்புக் கொள்ள வேண்டும். மனிதர்களை வழிகெடுத்து அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சபதம் செய்ததைத் திருமறையின் அன்னிஸா சூராவின் 119-ஆவது ஆயத்து எடுத்துரைக்கிறது. இந்த ஆயத்துக்கு அல்லாஹ்வின் தீனை மாற்றுவது என்று பொருள் சொன்ன முன்னோர்களும் உண்டு. காயடிப்பது, பச்சை குத்துவது போன்று உடலை மாற்றுவது என்று சொன்னவர்களும் உண்டு. பச்சை குத்துகிறவர்களையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்களையும், அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறவர்கள் என்று கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியும் முஸ்லிமும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பல்லை அராவுவதற்கே இவ்வளவு கண்டனம் என்றால் தாடையை அறுப்பதற்கு என்ன சொல்வது?

ஆனால் அந்த ஹதீஸிலேயே 'அழகுக்காக' என்ற ஒரு சொல் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இந்தச் சொல்லைப் பிடித்துத்தான் சட்டத்தை விளக்குகிறார்கள். அழகை நாடிச் செய்வதே விலக்கப்பட்டது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள ஒரு குறைக்காகவோ தேவைப்பட்டால் அதில் குற்றமில்லை என்பது அவர்களின் கருத்து. ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹனபி மத்ஹபின் பதாவா ஆலம்கீரியிலும் இதையொட்டிய ஒரு மஸ்அலா வருகிறது. மிகையாக முளைத்த விரலை வெட்டிக் கொள்ளலாமா என்பது கேள்வி. அப்படி வெட்டினால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து என்றால் கூடாது. பெரும்பாலும் பிழைப்பார்கள் என்றால் செய்து கொள்ள இடமுண்டு என்பது விடை. ஆறாவது விரலும் அல்லாஹ் படைத்ததுதானே! அதை எடுப்பதைப் படைப்பை மாற்றும் குற்றத்தில் அவர்கள் சேர்க்கவில்லை. ஆபத்தின் அளவையே பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, அர்பஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி இருக்கிறது. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக் கொண்டார்கள், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது இருக்கிறது. பொன் ஆண்களுக்கு விலக்கப்பட்டதல்லவா? வெள்ளி மூக்கு நாறினால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சும்மா இரு என்று சொல்லியிருக்கலாம். பொன் மூக்கினால் எவரும் முகர்ந்து விடப் போவதில்லை. ஆயினும் மனிதன் மனிதர்களிடையே முகத்தோடு நடமாடுவது ஒரு தேவை என்று அண்ணலார் மதித்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இவற்றை எல்லாம் வைத்தே, சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது ஒரு தீர்மானம் செய்தது. பிறவியிலோ பின்னாலோ வந்த குறை, உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு தருமானால் அதைச் சீராக்குவது ஆகும். இயல்பான உறுப்பை ஆசைக்காகவும் பிறரைப் பார்த்தும் மாற்றுவது ஆகாது என்பது அதன் சாரம். தேர்ந்த மருத்துவர் செய்ய வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும், ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், இதைவிட இலகுவான வழி இருந்தால் அதை விட்டு இதற்கு வரக் கூடாது என்ற நிபந்தனைகளும் அதில் உண்டு.

இங்கே ஒரு பலமான மறுப்பு எழலாம். நோயினால் முடி உதிர்ந்த மணப்பெண் ஒருத்திக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவளுடைய தாய் வந்து கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லையே! அங்கேயும் நோய் இருந்தது, கல்யாணமும் இருந்தது. பிறகு இது மட்டும் எப்படி ஆகும்? நியாயமான கேள்வி. ஒட்டுமுடி என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. உதிர்ந்த முடி மறுபடி முளைக்க மருந்து தடவுவதை எவரும் தடுக்கவில்லை. தாடை ஆபரேஷன் முகத்தின் மேல் வேறொரு முகத்தை மாட்டுவதில்லை. கோணலாக வளர்ந்த சொந்த எலும்பையே நேராக்கி வைக்கிறது. அந்தப் பல்லாலேயே பின்பு உண்கிறார்கள், அந்த உதட்டாலேயே ஓதுகிறார்கள். முன்னது மறைப்பு, பின்னது சிகிச்சை.

எது குறை, எது ஆசை?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சிரமம் அதைப் பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. இரண்டு பெண்களை நினைத்துக் கொள்வோம். ஒருத்திக்கு உதடு மூடுவதில்லை, பல் கடிப்பதில்லை, முகம் வெளிப்படையாகக் கோணியிருக்கிறது. அவளுக்கு ஆகும் என்பதில் தயக்கமில்லை. மற்றவளுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஈறு தெரிகிறது. கைப்பேசியில் தன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மனம் வாடுகிறாள். அவளுக்குக் கத்தி தேவையில்லை. மிக அழகிய அமைப்பில் மனிதனைப் படைத்ததாக அத்தீன் சூராவில் அல்லாஹ் அறிவிக்கும் செய்தியை அன்போடு அவளுக்கு நினைவூட்டுகிற ஒரு தாய் தேவை.

இவ்விருவருக்கும் நடுவே ஒருத்தி இருக்கிறாள். உண்பதில், மூச்சில், பேச்சில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. ஈறு மட்டும் எவரும் கவனிக்கும் அளவுக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் பட்டப் பெயர் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று போனார்கள். அவள் வெளியே வருவதைக் குறைத்துக் கொண்டாள். இவளுடைய தீங்கு மனத்தில் இருக்கிறது. மனத்தீங்கும் தீங்குதான் என்று அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீங்கு எலும்பிலிருந்தா வந்தது? நம் நாக்கிலிருந்தல்லவா வந்தது!

அல்ஹுஜுராத் சூராவின் 11-ஆவது ஆயத்து ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதையும், பட்டப் பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. இந்தத் தடையை மீறியவர்கள் நாம். அதற்காகக் கத்தியின் கீழ் படுப்பவள் அவள். மீறியவர் சுகமாக இருக்க, மீறப்பட்டவர் எலும்பை அறுத்துக் கொள்ளும் இந்த ஏற்பாட்டில் நீதி எங்கே இருக்கிறது? மருத்துவச் செலவு முழுவதும் அவளுடைய வாப்பாவின் தலையில். அந்தச் செலவை உண்டாக்கிய வாய்களுக்கு அபராதம் ஏதுமில்லை. மறுமையில் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அப்படியானால், 'ஊர் திருந்தட்டும், அதுவரை நீ பொறு' என்று அவளிடம் சொல்லிவிடலாமா? அதுவும் சரியல்ல. பிறர் செய்த பாவத்தை அவள் ஆயுள் முழுவதும் சுமக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? சபூர் செய்வது உயர்ந்தது. பிறர் தலையில் சபூரைச் சுமத்துவது சபூர் ஆகாது. காரணமும் அளவும் ஆபத்தும் நன்கு விசாரிக்கப்பட்டு, வேறு இலேசான வழி இல்லை என்று தெரிந்து, அவளே மனமுவந்து விரும்பினால், அவள் செய்து கொள்வதில் இடமுண்டு என்றே நமக்குப் படுகிறது. அவளுக்கு அனுமதி, நமக்குக் கண்டனம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அவளே விரும்ப வேண்டும் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். 'முகத்தைச் சரி செய்தால் கைக்கூலி குறையும்' என்று கணக்குப் போட்டுப் பெற்ற மகளைத் தள்ளிக் கொண்டு போவதும், நிக்காஹ் முடிந்த பின் மனைவியின் முகத்தில் குறை கண்டு ஆபரேஷனுக்கு வற்புறுத்துவதும் இந்த அனுமதியில் சேரா. வலியும் ஆபத்தும் யாருடையதோ, சம்மதமும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

செய்யாமல் இருப்பதும் கண்ணியமே

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்டார். பொறுத்தால் சுவர்க்கம், விரும்பினால் குணத்துக்கு துஆ என்று இரண்டையும் அண்ணலார் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது உடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டுக் கொண்டார். தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடமே விடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிக மெலிந்தவை. அவற்றைக் கண்டு சிலர் சிரித்தபோது, மீஸானில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஸாஹிர் (ரலி) என்ற கிராமத்து ஸஹாபி தோற்றத்தில் அழகில்லாதவர். சந்தையில் சரக்கு விற்றுக் கொண்டிருந்த அவரை அண்ணலார் பின்னாலிருந்து கட்டிக் கொண்டு, இந்த அடிமையை வாங்குவார் உண்டா என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். தாம் விலை போகாத சரக்கு என்று அவர் சொன்னார். அல்லாஹ்விடத்தில் அவர் விலை மதிப்புள்ளவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். முகத்தைத் திருத்த வசதியில்லாதவர்களும், விரும்பாதவர்களும் இந்த இரு செய்திகளையும் நெஞ்சில் வைத்துக் கொள்ளட்டும். அவர்களுக்கு எந்தக் குறைவுமில்லை.

செய்து கொள்ள முடிவு செய்தவர்களுக்கு

ஒரு மருத்துவரோடு நிறுத்தாமல் இன்னொருவரிடமும் கேளுங்கள். உங்கள் குறைக்குக் காரணம் எலும்பா, ஈறா, உதடா என்று தெளிவாகக் கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் தூக்குவார்கள், பத்தாண்டு கழித்து உதடு இறங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்றும் கேட்கத் தயங்க வேண்டாம். எலும்பு இடைவெளியை நிரப்ப வேண்டி வந்தால் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்களா, பதப்படுத்திய பிராணி எலும்பு வைப்பார்களா, எந்தப் பிராணி என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். வட்டிக்கு வாங்கி முகத்தைத் திருத்துவதில் பரக்கத் இராது.

ரமலானை ஒட்டி நாள் குறிக்க வேண்டாம். அப்படி அமைந்துவிட்டால் நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகைப்படி நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். வாய் கொப்பளிக்க மருத்துவர் தடை சொன்னால், உளூவில் அது சுன்னத்தாதலால் விட்டுவிடலாம். ஹனபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது பர்ளு. ஆகவே அந்த மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் முன்பே கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். தொழுகையை மட்டும் எந்த நிலையிலும் விட வேண்டாம். இயன்ற முறையில் தொழலாம்.

சிகிச்சைக்குப் பிறகு வரும் சோதனை

பனீ இஸ்ராயீல் கூட்டத்து மூவரைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவர் தொழுநோயாளி, ஒருவர் வழுக்கையர், ஒருவர் குருடர். அல்லாஹ் அனுப்பிய மலக்கு வந்து, உமக்கு மிக விருப்பமானது எது என்று கேட்டார். நல்ல நிறமும் நல்ல தோலும் வேண்டும், மக்கள் என்னை அருவருக்கிறார்கள் என்றார் முதலாமவர். நல்ல முடி வேண்டும், மக்கள் என்னை அருவருக்கிறார்கள் என்றார் இரண்டாமவர். கேட்டது கொடுக்கப்பட்டது, செல்வமும் பெருகியது. மக்கள் அருவருக்கும் குறை நீங்க வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையை அந்த ஹதீஸ் குற்றமாகச் சொல்லவில்லை.

குற்றம் பின்னால் நேர்ந்தது. அதே மலக்கு அவர்களுடைய பழைய கோலத்திலேயே, தொழுநோயாளியாகவும் வழுக்கையராகவும், ஏழையாக வந்து உதவி கேட்டார். தங்கள் பழைய நிலை நினைவூட்டப்பட்டபோது இருவருமே அதை மறுத்தார்கள், விரட்டினார்கள். பார்வை பெற்றவர் மட்டும் தாம் குருடராயிருந்ததை ஒப்புக் கொண்டு, வேண்டியதை எடுத்துக் கொள்ளச் சொன்னார். அல்லாஹ்வின் பொருத்தம் அவருக்குக் கிடைத்தது. மற்ற இருவர் மீதும் கோபம் இறங்கியது.

ஆகவே தாடையைச் சீராக்கிக் கொண்டவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. நாளைக்கு அதே கோணல் முகத்தோடு, அதே ஈறு தெரியும் சிரிப்போடு ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். மகனுக்குப் பார்க்கப் போகும் பெண்ணாக வரலாம். வேலை கேட்டு வரலாம். அப்போது நீங்கள் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? ஆபரேஷன் செய்து கொள்ளாத நம் எல்லோருக்கும் இதே கேள்விதான்.

அல்லாஹ் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்று அறிவித்த நாயகம் (ஸல்) அவர்கள், தோற்றத்தை அழகாக்கிய அவனிடமே குணத்தையும் அழகாக்கித் தரும்படி கேட்கும் துஆவையும் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நோயுற்றவர்களுக்கு ஷிபாவையும், பொறுப்பவர்களுக்கு நற்கூலியையும், நம் நாவுகளுக்குக் கட்டுப்பாட்டையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.